வரப்பில் நின்ற அதிகாரி

நவம்பர் 6

அன்புள்ள அண்ணா,

போனை எடுக்க மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாய். கடிதத்தையாவது கிழிக்காமல் படி.

வெள்ள நிவாரணப் பட்டியலில் உன் பெயர் இல்லை. உன் வயலைப் பார்த்து அறிக்கை எழுதியவள் நான்தான், அதனால் சுற்றி வளைக்கவில்லை. மூன்றில் ஒரு பங்கு பயிராவது அழிந்திருந்தால்தான் பணம் தருவார்கள். உன் மக்காச்சோளம் அந்த அளவுக்கு அழியவில்லை. பக்கத்து வயல்காரர் மழை கொட்டும்போது இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தார், அவருக்கு வந்திருக்கிறது. நீயும் அண்ணியும் இடுப்பளவு தண்ணீரில் நின்று பம்ப் வைத்து இறைத்தீர்கள், உங்களுக்கு இல்லை. இந்த விதியைப் போட்டவர் எதிரில் வந்தால் நன்றாகக் கேட்டுவிடுவேன். ஆனால் நிற்கிற பயிரை விழுந்துவிட்டது என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

மேல்முறையீடு செய், வேறு அதிகாரி வந்து பார்ப்பார். அண்ணிக்குக் கால் புண் ஆறியதா?

உன் தங்கை


நவம்பர் 11

அன்புத் தங்கச்சிக்கு,

கிழிக்கவில்லை. உன் அண்ணிக்கும் உரக்கப் படித்துக் காட்டினேன். கால் புண் ஆறிவிட்டது, வாய்தான் ஓயவில்லை.

பணம் வராததற்கா முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறேன் என்று நினைக்கிறாய்? அடுத்த விதைப்புக்கு உதவியிருக்கும், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் கோபம் அதில் இல்லை. வரப்பில் நின்று, பேனாவைத் திறந்து, கூட வந்தவர் முன்னால் "உங்க பேர் என்னங்க?" என்று என்னைக் கேட்டாயே. உனக்குப் பேர் வைத்தவனே நான்தான். உன் அண்ணி சமைத்து வைத்துவிட்டு வாசலில் நின்றாள். நீ திரும்பிக்கூடப் பார்க்காமல் வண்டியில் ஏறிவிட்டாய். அன்று எங்கள் இருவருக்கும் சோறு இறங்கவில்லை.

மேல்முறையீடு போட்டுவிட்டேன்.

அண்ணன்


நவம்பர் 15

அண்ணா,

முதலில் உன் வயலைப் பார்க்கவே வேறு ஆளை அனுப்பச் சொல்லிக் கேட்டேன். ஆளே இல்லை என்று மேலதிகாரி கையை விரித்தார், சாட்சிக்கு ஒருவரை மட்டும் கூட அனுப்பினார். அவர் முன்னால் உன் பெயரைக் கேட்ட குரல் எனக்கே பிடிக்கவில்லை.

நிவாரணம் கேட்பவரின் வீட்டுப் படியை அதிகாரி ஏறக் கூடாது என்று இன்னொரு விதி இருக்கிறது. அது அன்று எனக்கு வசதியாகவும் இருந்தது. அண்ணி பரிமாறி, நீ எதிரில் உட்கார்ந்து "இளைச்சிட்டியேம்மா" என்று சொல்லியிருந்தால், வயல் முழுக்கப் போய்விட்டது என்று எழுதிக் கொடுத்திருப்பேன். அதனால்தான் திரும்பிப் பார்க்கவில்லை. வண்டியில் அழுதேன். கூட வந்தவர் சளி என்று நினைத்து மாத்திரை கொடுத்தார்.

மேல்முறையீடு முடிய அறுவடை ஆகிவிடும். அதுவரை நான் வீட்டுக்கு வர முடியாது அண்ணா. அண்ணியிடம் நீயே பக்குவமாகச் சொல்லிவிடு.

தங்கை


நவம்பர் 20

தங்கச்சி,

உன் கடிதத்தைக் கேட்டுவிட்டு உன் அண்ணி என் சட்டையை எடுத்துக் கையில் கொடுத்து, "கெளம்புங்க" என்றாள். எங்கே என்று நானும் கேட்கவில்லை.

நேராக உன் மேலதிகாரியிடம் போய் மேல்முறையீட்டைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். வேறொருவர் பார்த்தால் பணம் வர வாய்ப்பிருக்கிறதே, ஏன் என்று கேட்டார். என் தங்கை பார்த்தது சரியாகத்தான் இருக்கும் என்றேன். அடுத்த முறை பாதி நிலத்தில் விதைத்தால் போகிறது. உன் அண்ணியும் அதற்குச் சம்மதம்தான்.

இனி அரசாங்கத்திடம் நான் எதுவும் கேட்கவில்லை. உன் விதிப்படி இப்போது நான் வெறும் அண்ணன். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா.

உன் அண்ணன்