மூன்றாவது துப்பல்

தம்பி,

முந்தாநாள் ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஒரு சின்ன டப்பாவை என் மகள், உன் மருமகள் கையில் கொடுத்து, "இதுல துப்பு பாப்பா" என்றாள். என் மூக்கு தானாக மிளகாய் நெடியைத் தேடியது.

தொப்புளில் தொடங்கிய வலி அவளுக்கு வலப்பக்கம் இறங்கியிருந்தது. "குடல்வாலா இருக்கலாம்" என்றார் டாக்டர். "பிள்ளைகளோட எச்சில்லயும் ரத்தத்துலயும் அது தெரியுதான்னு பாக்கோம். இன்னும் ஆராய்ச்சிதான். ஸ்கேனும் எடுத்துருவோம்."

எச்சிலிலா!

உனக்கு அப்போது எட்டு வயது. மறுநாள் கணக்குப் பரீட்சை. "வயிறு வலிக்குக்கா" என்று சுருண்டு கிடந்தாய். "கணக்குப் புஸ்தகத்தைத் தின்னுட்டியாலே?" என்றேன். அம்மா உப்பும் மிளகாயும் சுற்றி உன் வாயருகே நீட்டினாள். "மூணு தடவை துப்புலே." இரண்டை ஒழுங்காகத் துப்பிவிட்டு, மூன்றாவதை வேண்டுமென்றே என் காலில் துப்பிச் சிரித்தாய்.

அடுப்பில் போட்டதும் யாருக்கும் இருமல் வரவில்லை. "நெடியே இல்ல. அம்புட்டும் கண்ணு" என்றாள் அம்மா. சற்று நேரத்தில் நீயும், "வலி நின்னுட்டுக்கா" என்று காலை நீட்டினாய். எங்களுக்கு உயிர் வந்தது. "நடிச்சது போதும், நாளைக்குப் பள்ளிக்கூடம் உண்டு" என்றேன்.

காலையில் உன் வயிறு பலகையாக இறுகியிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போன பஸ் ஆற்றுப் பாலத்தைத் தாண்டும்போது என் கைக்குள் உன் கை குளிர்ந்து கனத்தது. குடல்வால் உள்ளே வெடித்தால் வலி கொஞ்ச நேரம் அடங்குமாம். பிறகுதான் சொன்னார்கள்.

முந்தாநாள் ரத்தம் எடுத்து முடித்து ஸ்கேனுக்குக் காத்திருந்தோம். அவள் என் சேலையை இழுத்தாள். "வலி நின்னுட்டும்மா. வீட்டுக்குப் போவமா?"

உன் முகமேதான்.

ஓடினேன். "நின்னா நல்லதுதான, ஏன் பதறுதீங்க?" என்றாள் நர்ஸ். "நல்லதில்லம்மா. என் தம்பியும் இப்படித்தான் சொன்னான்." டாக்டர் எழுந்து வந்து வயிற்றை அழுத்திப் பார்த்தார். வரிசையில் நிற்கவிடாமல் ஸ்கேனுக்கு அனுப்பினார். சாயங்காலத்துக்குள் ஆபரேஷன் முடிந்துவிட்டது.

இன்று கஞ்சி குடித்துவிட்டு, "சும்மா நடிச்சேன்ம்மா" என்கிறாள். உன் வாய்தான். வார்டே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவள் துப்பிய டப்பாவில் பெயர் எழுதி ஒட்டிப் பத்திரமாக எடுத்துப்போனார்கள். உன்னுடையதை நாங்கள் நெருப்பில் போட்டோம். அன்று அதைப் பார்த்துச் சொல்ல ஆளில்லை என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் என் காலில் துப்பினாயே, அது ஒன்றுதான் நெருப்புக்குத் தப்பியது. உன்னைத் திட்டிக்கொண்டே கழுவினேன். அந்த இடம் இன்னும் காயவில்லை, தம்பி.

அக்கா