செவ்வாய்க்கிழமை மாத்தாத கிளட்ச் வயர்

விருதுநகர்,
ஆவணி மாசம், ஞாயித்துக்கிழமை.

அன்பு மகள் ஸ்ரீமதிக்கு அம்மா எழுதுறது. இங்கன நானும் உன் மகள் பிரீத்திகாவும் மேலுல ஒரு கீறல் இல்லாம நல்லா இருக்கோம், அதை மொதல்லயே எழுதிட்டேன், இனி நீ பதறாமப் படி. அங்கன மஸ்கட்டுல வெயில் தணிஞ்சிருக்கா, மாப்பிள்ளைக்கு முதுகுவலி தேவலையா, ரெண்டு பேரும் நேரத்துக்குச் சாப்பிடுறீகளா. வியாழக்கிழமை போன்ல, வண்டியை ஒரு வாரத்துல வித்துட்டுப் பிள்ளையை பிளேன் ஏத்தி விடுன்னு சொன்னே, நான் பதில் சொல்ல வாயைத் தொறக்குமுன்ன வச்சிட்டே. லெட்டரை அப்படிப் பாதியில வைக்க முடியாது பாரு, அதான் எழுதுறேன். பக்கத்து வீட்டு பொன்னுத்தங்கம் மகன் வெள்ளிக்கிழமை மஸ்கட் திரும்புறான், அவன் கையில இதையும் ஒரு கிலோ காராச்சேவையும் குடுத்து விடுறேன், லெட்டரைப் படிச்சிட்டுச் சேவைத் தின்னு, மாத்திச் செஞ்சிராத.

உங்கண்ணன் ஜெயச்சந்திரன் உனக்கு அனுப்பின வீடியோவுல நான் வண்டி ஜன்னல்ல பாதி உடம்பை வெளிய விட்டுக் குலவை போடுறது மட்டுந்தான் இருக்கு. அதுக்கு முன்னாடி நடந்ததை எவனும் படம் எடுக்கலை, அதை நான்தான் சொல்லணும். புதன்கிழமை பிரீத்திகா ஓட்டுற குட்டியானை லோடு வண்டிக்கு ஒரு பெரிய பட்டாசுக் கம்பெனியோட மொத லோடு. சிவகாசி பிரஸ்ஸுல கிஃப்ட் பாக்ஸ் அட்டையை ஏத்தி மல்லாங்கிணறு ரோட்டுல இருக்கிற கம்பெனிக்குக் காலையில ஒம்பது மணிக்குள்ள சேக்கணும். வெறும் அட்டைதான் ஆத்தா, பட்டாசு ஒண்ணு கூட இல்லை. அங்க மேனேஜர் மாரீஸ்வரன், பேக்கிங் ஆளுக கையைக் கட்டிக்கிட்டு நிக்கக்கூடாது, மொத லோடு நேரத்துக்கு வந்தா சீசன் முழுக்க உன் வண்டிதான், வரலைன்னா வேற வண்டி பாத்துக்கிருவேன்னு கண்டிசனாச் சொல்லியிருந்தார். மொத லோடாச்சேன்னு நானும் எலுமிச்சம்பழமும் வெத்தலைப் பையுமா முன்சீட்டுல ஏறி உக்காந்துட்டேன்.

ஆனைக்குட்டம் விலக்குக்கிட்ட வாரப்போ டொப்புன்னு ஒரு சத்தம், இவ இடது கால் தொபுக்குன்னு தரையோட போயிருச்சு. கிளட்ச் வயரு அறுந்துருச்சு அம்மாச்சின்னா, ஏதோ வளையல் ஒடைஞ்சதைச் சொல்ற மாதிரி. நிப்பாட்டுத்தா, மெக்கானிக் கோட்டைச்சாமியை வரச் சொல்லுவோம்னேன். அவர் வந்து மாட்டுறதுக்குள்ள மத்தியானமாயிரும், பிரேக்கு நல்லா இருக்கு, நீங்க கம்பியைப் பிடிச்சுக்கிட்டு உக்காருங்கன்னா. அப்புறம் செஞ்சா பாரு ஒரு வேலை! கிளட்சே இல்லாம கியர் மாத்துறாத்தா உன் மகள்! ஆக்சிலேட்டர்ல இருந்து லேசா காலை எடுக்கா, கியரு இளகி நியூட்ரலுக்கு வந்துருது. அங்கன கொஞ்சம் பொறுக்கா. எஞ்சின் சத்தம் எறங்கி எறங்கி வருது, சக்கரம் ஓடுற வேகத்துக்கு அது வந்து சேந்ததும் ரெண்டு விரலால தள்ளுறா, ஊறின புளியில இருந்து கொட்டை நழுவுற மாதிரி அடுத்த கியரு விழுந்துருது. வேகத்தைக் கொறைக்கணும்னா இதுக்கு எதிர்மாறு, நியூட்ரல்ல வச்சு ஒரு மிதி மிதிச்சு எஞ்சினைச் சத்தம் போட வச்சுத்தான் கீழ் கியருக்கு வாரா. ரெண்டு தடவை பல்லோட பல்லு உரசிக் கர்ர்ருன்னுச்சு, எனக்கு வாயில உள்ள பல்லெல்லாம் கூசிப்போச்சு, சாரி அம்மாச்சின்னா, என்கிட்ட எதுக்குக் கேக்க, வண்டிகிட்டக் கேளுன்னேன். எங்கனத்தா இதைக் கத்துக்கிட்டேன்னு கேட்டா, மெக்கானிக்கல் படிச்சது எதுக்குன்னு சிரிக்கா. நானும் சின்ன வயசுல பிரஸ்ஸுல மிசின் வாயைத் தொறக்கிற நேரம் பாத்துப் பேப்பரைச் சொருகுனவதானே, நாலு கியர் மாத்துனதும் எனக்கும் சத்தம் பிடிபட்டுப்போச்சு, இப்பன்னு நான் சொல்லவும் அவ தள்ளவும் சரியா இருந்துச்சு.

ஊருக்குள்ள வாரப்போதான் வம்பு. நின்னுட்டா கிளம்புறது கஷ்டம்னு இவ ஊந்துக்கிட்டே வாரா, நான் ஜன்னல்ல தலையை நீட்டி ஏலே வெலகுலே, சைக்கிளை ஓரங்கட்டுலேன்னு கத்திக்கிட்டே வாரேன். தொண்டை கட்டினது இன்னும் சரியாகலை. அப்படி வந்தும் ரயில்வே கேட்டை எங்க கண்ணு முன்னாலயே எறக்கிட்டான். நிப்பாட்டி எஞ்சினை ஆஃப் பண்ணிட்டா. மணி எட்டரை. பக்கத்துல நின்ன பஸ்ஸு கண்டக்டர் விசயத்தைக் கேட்டுட்டு, பாட்டி, தள்ளி விட ரெண்டு ஆளை எறக்கி விடட்டுமான்னு நக்கல் பண்றான். உன் பஸ்ஸைத் தள்ள ஆள் இருக்கான்னு பாத்துக்கோலேன்னேன், பஸ்ஸே சிரிக்குது. கேட்டைத் தூக்கினான். இவ மொத கியரைப் போட்டு வச்சுக்கிட்டு அப்படியே சாவியைத் திருகுனா, வண்டி கெடாக்குட்டி கணக்கா ரெண்டு துள்ளு துள்ளி எஞ்சின் பிடிச்சு ஓடுது! என் தலை மேல இடிச்சது, எலுமிச்சம்பழம் எங்கன உருண்டுச்சோ தெரியலை, என்னையும் அறியாமக் குலவை போட்டுட்டேன். பஸ்ஸுல இருந்த பொம்பளைக அம்புட்டுப் பேரும் சேந்து போட்டாக. பஸ்ஸுல எவனோ எடுத்த அந்த வீடியோ இந்த எடத்துல இருந்துதான். கம்பெனி வாசல்ல போய் நிக்கும்போது ஒம்பதுக்குப் பத்து நிமிசம் இருக்கு. மாரீஸ்வரன் நம்பலை, தானே ஏறி மிதிச்சுப் பாத்தார், பெடல் செத்த பல்லி மாதிரி தொங்குது. ஒரு அட்டையாச்சும் நசுங்கியிருக்கான்னு பாருங்க தம்பின்னேன். தீபாவளி வரைக்கும் நீதாம்மா லோடுன்னு இவகிட்டச் சொல்லிட்டார்.

இனிச் சொல்லப்போறதுதான் எனக்குக் கஷ்டம். வண்டியைக் கவனிக்கத் துப்பில்லாதவளுக்கு எதுக்கு வண்டின்னு உங்கண்ணன் கத்தினான், நீயும் அதையேதான் கேட்டே. லோடுக்கு முந்தின நாளே அந்த வயரு ரெண்டு இழையில தொங்குதுன்னு கோட்டைச்சாமி சொல்லிட்டார். புது வயரைக் கையில வச்சுக்கிட்டு இவ நின்னா. செவ்வாய்க்கிழமை வண்டியில கை வைக்கக்கூடாது, புதன்கிழமை லோடு எறக்கிட்டு மாட்டிக்கிருங்கன்னு விரட்டி விட்டது நான். உங்கண்ணன் கத்தினப்போ பக்கத்துலதான் நின்னேன், வாய் வரலை. பிள்ளையும் என்னைக் காட்டிக் குடுக்கலை, தப்பு என்னோடதுதான் மாமான்னுட்டா. என் மேல உள்ள தப்புக்கு அவ பிளேன் ஏறணுமா. நீ பாத்து வச்ச ஆபீஸ் வேலை நல்ல வேலைதான். ஆனா கியரு விழும்போது அவ மொகத்தைப் பாத்தவ நான், நீ பாக்கலை.

இன்னைக்குக் காலையில புது வயரு மாட்டின வண்டியைக் காலி மைதானத்துக்குக் கொண்டு போனோம். கிளட்ச் இல்லாமக் கியர் மாத்துறது வழியில மாட்டிக்கிட்டா வீடு வந்து சேரத்தான் அம்மாச்சி, தெனமும் செஞ்சா கியர்ப்பல்லு தேஞ்சிரும்னு சொல்லிச் சொல்லி, அவ ஓட்ட ஓட்ட என்னைக் கியரு போட விட்டா. ஒண்ணுல இருந்து ரெண்டுக்குச் சத்தத்தைக் கேட்டு நானே தள்ளினேன், விழுந்துருச்சு ஆத்தா! அறுபத்தெட்டு வயசுல! கோட்டைச்சாமி கை தட்டுறார்.

நல்லா இரு தாயி, மாப்பிள்ளையும் நீயும் நோய் நொடி இல்லாம இருக்கணும், மாரியாத்தா தொணை இருப்பா. எண்ணெய் தேச்சுக் குளி, கோவத்துக்கு நல்லது. பிள்ளைக்குப் போட்ட டிக்கெட்டை மறக்காம கேன்சல் பண்ணிரு. வண்டி வாங்கினப்போ ஆர்.சி. புக்கு என் பேர்லதான் எடுத்தோம், ஞாபகம் இருக்கா. விக்கணும்னா என் கையெழுத்து வேணும். அஞ்சாங்கிளாஸ் படிச்சவ, கையெழுத்துப் போட நல்லாவே தெரியும். இந்த லெட்டர்ல மட்டுந்தான் போடுவேன்.

இப்படிக்கு,
உன் அம்மா, வண்டிக்குச் சொந்தக்காரி
ல. லட்சுமிகாந்தம்