தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டேன்

எஹலியகொட
27.04.2003

அன்பு மகன் கஜேந்திரனுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன், உன் சேதி தெரியாத வீட்டில் என்ன நலம் ராசா. சிங்கப்பூருக்கு வெளியே உங்கள் கப்பலை நிறுத்தி இன்றைக்கு இருபத்து மூன்று நாள். தோட்டத்து ஆபீஸ் போனில் கொழும்புக் கப்பல் கம்பெனிக்குப் பேசினேன். கப்பலில் ஒருவருக்கு சார்ஸ் என்கிற அந்தச் சீனக் காய்ச்சலாம், யார் என்று சொல்ல மாட்டார்களாம், ஆளோ சாமானோ இறங்கக் கூடாதாம், கடிதம்கூடக் கீழே வராதாம். நாங்கள் எழுதுவதைச் சாப்பாட்டுப் படகில் மேலே அனுப்பலாம் என்று போனில் பேசிய கம்பெனி மாத்தயா சொன்னார். நீ பதில் போட முடியாது என்று தெரிந்துதான் எழுதுகிறேன். இங்கேயும் கப்பல் கிடைக்காமல் றப்பர் ஷீட் ஸ்டோரில் கூரை முட்டக் கிடக்கிறது, கிழமைக்கு மூன்று நாள்தான் வேலை.

அந்தப் பக்கம் ஒரு கப்பல்காரன் செத்துப்போனான் என்று உன் மாமன் ஐயாவு எங்கேயோ கேட்டுவிட்டு வந்து, நம்ம புள்ளையாத்தான் இருக்கும் மச்சான், காரியத்தைச் செஞ்சிருவோம், இல்லாட்டி ஆவி அலையும்னு சொல்றான். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். வந்த கோபத்தில் நான் றப்பர் பால்வாளியைத் தூக்கி எறிந்து, வாசலை விட்டு இறங்குடா என்று அவனை விரட்டினேன். ஏன் அவ்வளவு கோபம் என்று உனக்காவது சொல்ல வேண்டும். உனக்கு ஒரு பெரியப்பா இருந்தார். ஐம்பத்தைந்தில் இந்தியாவுக்குக் கல்யாணத்துக்குப் போய்த் திரும்பும்போது, காய்ச்சல் என்று மண்டபம் கேம்பில் பிடித்து வைத்துவிட்டார்கள், குணமானால்தான் கப்பல் ஏற விடுவார்கள். இரண்டு மாதம் சேதியில்லை. கூடப் போனவர்கள் அவன் செத்துப்போயிருப்பான் என்றார்கள், நாங்களும் கருமாதி செய்தோம், நான்தான் மொட்டை போட்டேன், எனக்கு அப்போது பதினெட்டு வயது. அடுத்த மாதம் விளக்கு வைக்கிற நேரம், நல்ல மழை, கதவு தட்டுகிற சத்தம். தம்பி, நான்தான்டா, கதவத் தொறடா என்று அண்ணன் குரல். காரியம் முடிந்த ஆள் பேர் சொல்லிக் கூப்பிட்டால் பதில் கொடுக்கக் கூடாது என்பார்களே, என் அய்யா, உன் தாத்தா, வாயைப் பொத்திக் காட்டினார். தாழ்ப்பாளைப் போட்டது நான். கூப்பிட்டுக் கூப்பிட்டு இருமினார், பிறகு சத்தமில்லை. விடிந்து பார்த்தால் கதவுக்கடியில் நனைந்த ஒரு சீட்டு. கேம்ப் முத்திரையோடு, குணமாகிவிட்டது, போகலாம் என்று எழுதியிருந்தது. ஆவிக்கு எதுக்குடா சீட்டு. கித்துல்கல வரைக்கும் தேடினோம், கிடைக்கவேயில்லை. நாற்பத்தெட்டு வருடமாக மழை பிடித்தால் எனக்கு அந்த இருமல் கேட்கிறது, இந்த மூன்று கிழமையாக வெயிலிலும் கேட்கிறது.

சுடுதண்ணியே குடி. காய்ச்சல் உனக்குத்தான் என்றால் மறைக்காதே, மருந்து சாப்பிடு, அவர்கள் விடும் வரை பொறுத்திரு. முருகன் உன்னைக் கரை சேர்ப்பான், எங்கள் ஆயுசும் உனக்கே. தாழ்ப்பாளைக் கழற்றி ஓடையில் எறிந்துவிட்டேன், கதவுக்கு ஒரு கல்லைத்தான் அண்டக் கொடுத்திருக்கிறோம். ஒன்றை மட்டும் மறக்காதே. நீ வந்து கூப்பிடும்போது எனக்குப் பயம் வந்தாலும் வரும், பதில் கொடுக்காமல் இருந்தாலும் இருப்பேன். நீ பார்த்துக்கொண்டு நிற்காதே, கல்லைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிடு.

உன் அப்பா
மூக்கையா