ஆறு புள்ளி இரண்டு

உன் முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் கோயில் மண்டபத்தில் தேநீர் கொடுத்தார்கள். வெள்ளை பாலிஸ்டிரின் கோப்பை. உள்ளே கொதிக்கிறது, வெளியே கை சுடவில்லை. என் நினைவு நேரே ஈப்போவுக்கு, நம் ஆறாம் படிவ ஆய்வுக்கூடத்துக்கு ஓடிவிட்டது. அந்த நேரம் பார்த்து உன் தம்பி மைக்கைப் பிடித்தான்.

"எங்கக்கா ரொம்ப சாது. யாரையும் ஒரு வார்த்தை எதுத்துப் பேசுனதில்ல."

எனக்குப் புரையேறியது. நீயா சாது?

எண்பதுகளின் தொடக்கம் அது. நாம் இருவரும் தோட்டத்துப் பிள்ளைகள். தமிழ்ப்பள்ளி முடித்து, மலாய் படிக்கப் புகுமுக வகுப்பில் ஓராண்டு கூடுதலாக உட்கார்ந்து வந்ததால் வகுப்பில் நாம்தான் மூத்தவர்கள். ரப்பர்ப் பால் வாடை வருகிறதென்று பக்கத்து மேசைக்காரிகள் மூக்கைப் பொத்துவார்கள். ஒரு நாள் சோதனையில் அமிலத்தையும் காரத்தையும் இதே மாதிரி ஒரு பாலிஸ்டிரின் கோப்பையில் கலந்து, எத்தனை டிகிரி சூடு ஏறுகிறதென்று பார்த்து, அதிலிருந்து வெளிவரும் வெப்பத்தை, அதாவது என்தால்பி மாற்றத்தைக் கணக்கிட வேண்டும். பாடநூல் விடை ஐம்பத்தேழு கிலோஜூல். அது வரவேண்டுமானால் ஆறு புள்ளி எட்டு டிகிரி ஏறியிருக்க வேண்டும். வகுப்பே விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு ஆறு புள்ளி எட்டு என்று எழுதிக்கொண்டது. நம் வெப்பமானி ஆறு புள்ளி இரண்டோடு நின்றுவிட்டது.

"எட்டுன்னு போட்டுடலாம்டி," என்றேன்.

"நீ பாத்தது எட்டா? இல்லல்ல. அப்புறம் என்னா?"

ஆறு புள்ளி இரண்டுக்கு வந்த ஐம்பத்திரண்டையே எழுதினாய். முன்னால் மைனஸ் குறியைத் தாள் கிழிகிற மாதிரி அழுத்திப் போட்டாய். நம் வாத்தியார் ஈப்போ டவுன்காரர், கோபம் வந்தால் மட்டும் தமிழ் பேசுவார். தாளைத் தூக்கி மேசையில் எறிந்தார்.

"எல்லாருக்கும் வந்தது ஒங்களுக்கு மட்டும் வராதா? மாத்தி எழுது. இல்லன்னா ரெண்டு பேருக்கும் முட்டைதான். எஸ்டேட் புள்ளைங்களுக்கு சயன்ஸ் எதுக்கு லா?"

"கோப்பைக்கு மூடி இல்ல சார். மேல ஃபேன் சுத்துது. மிச்ச சூடு அங்கதான் போயிருக்கும். தெர்மாமீட்டர் காட்டுனதத்தான் எழுதுவேன்."

முட்டை வாங்கினோம். பஸ்ஸில் உன் முகத்தைக்கூட நான் பார்க்கவில்லை. பல்கலைக்கழகத்துக்கு வாசலான ஆறாம் படிவம் கைவிட்டுப் போனால் அம்மாவோடு பால்மரம் சீவப் போக வேண்டியதுதான். உனக்கும் அதே கதிதான், ஆனால் நீ ஜன்னலோரம் உட்கார்ந்து கச்சான் கடலை கொறித்துக்கொண்டு வந்தாய். அடுத்த வாரம் வீட்டிலிருந்து ஒரு டின் மூடியும் பழைய துண்டும் கொண்டு வந்தாய். கோப்பையைச் சுற்றினோம், மூடினோம், மறுபடியும் கலந்தோம். ஆறு புள்ளி ஐந்து வந்தது. "நெருங்கிடுச்சுடி, இப்பவாவது எட்டுன்னு போடு," என்று கெஞ்சினேன். முறைத்துவிட்டு, ஐந்து என்றே எழுதி நீட்டினாய். வாத்தியார் டின் மூடியைத் தூக்கிப் பார்த்தார். கடைசியில் பாதி மதிப்பெண் போட்டார்.

"ஒனக்கு வாழ்க்கையில ரொம்ப கஷ்டம் இருக்கு," என்றார்.

"இருக்கட்டும் சார்."

அவர் வாக்கு பலித்தது. தாப்பா பள்ளியில் நீ ஆசிரியையாக இருந்தபோது, தேறாத பிள்ளையைத் தேறியதாக எழுத மாட்டேன் என்று நின்றாய், பதவி உயர்வு போயிற்று. என் வீட்டுக்காரரின் குடியை என் மாமியார் முன்னாலேயே போட்டு உடைத்தாய். அதற்காக மூன்று வருடம் உன்னோடு நான் பேசவில்லை. நீ சொன்னது உண்மை என்று தெரிந்துதான் பேசவில்லை.

இப்போது மண்டபத்தில் எல்லோரும் தலையாட்டுகிறார்கள். சாது, பொறுமைசாலி, அதிர்ந்து பேசமாட்டாள். வகுப்பு முழுக்க மறுபடியும் ஆறு புள்ளி எட்டு! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போய் மைக்கை வாங்கினேன்.

"தம்பி, கோவிச்சுக்காத. ஒங்கக்கா சாது இல்ல, அடங்காப்பிடாரி. வாத்தியார எதுத்தா, தலைமையாசிரியர எதுத்தா, என்னையும் எதுத்தா. அவள நல்லவளாக்குறேன்னு மாத்தி எழுதாதீங்க."

உன் தம்பி முதலில் சிரித்தான், பிறகு அழுதான். "ஆமாக்கா. என் கல்யாணத்தன்னிக்குக்கூட சண்டதான் லா," என்றான்.

திரும்பி வந்து உட்கார்ந்தபோது தேநீர் ஆறிப்போயிருந்தது. கோப்பைக்கு மூடி இல்லை, மேலே விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

நீ போய்விட்டாய். அதை மாற்ற என்னால் முடியாது. ஆனால் நான் இருக்கும்வரை உன் கணக்கில் ஒருவரும் கை வைக்க முடியாது. ஆறு புள்ளி இரண்டுதான்டி நீ. அதற்கு மேல் ஒரு புள்ளிகூட ஏற்ற விடமாட்டேன்.