தோளில் வந்த உலக்கை

இன்று காலை வீடு பெருக்க வந்த பெண் கதவு மூலையில் நின்ற உலக்கையைத் தள்ளிவிட்டாள். இரும்புப் பூண் சிமெண்டுத் தரையில் மோதிய சத்தத்தில் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இது இன்னாத்துக்கும்மா இங்க? வூட்ல உரலே இல்ல. வெறகுக்காவது ஆவும்" என்றாள். அவள்மேல் எரிந்து விழுந்துவிட்டேன். பாவம், அவளுக்கு என்ன தெரியும்? அவள் போனபின் நானே அதைத் தூக்கி நிறுத்தினேன். முன்பு ஒரு கையால் தூக்கியது, இப்போது இரண்டு கையும் வேண்டியிருக்கிறது. நிறுத்திவிட்டு உங்களோடு பேச உட்கார்ந்திருக்கிறேன். நீங்கள் கண்மூடியதிலிருந்து இந்த வீட்டில் எனக்குச் சண்டை போடக்கூட ஆளில்லை.

ஜவ்வாது மலைச் சபைக்கு நம்மை அனுப்பும்போது இரண்டே வருஷம் என்றார்கள். நானும் நம்பி, கல்யாணப் பட்டுப்புடவையைக்கூட கண்ணமங்கலத்தில் அம்மாவிடம் விட்டுவிட்டு உங்கள் பின்னால் ஏறினேன். அமிர்திக்கு மேலே அப்போது ரோடு ஏது? மழை பிடித்தால் பாதை வழுக்கும், ஓடை பெருகும், மேலே இருப்பவர்கள் மேலேதான். மூடுபனி வந்து ஜன்னலை அடைத்துவிட்டால் எதிரே இருக்கும் சபைக் கோயில்கூடத் தெரியாது. ஓலைக்கூரை, மண்சுவர், நீங்கள், நான். கல்யாணமான புதிதில் ஆசைப்பட்டுக் கேட்டது இதைத்தானே என்று என்னை நானே கேலி செய்துகொள்வேன்.

சபைப் போதகர் என்பதால் நீங்கள் ஐயர், நான் ஐயரம்மா. பிரசங்கம், ஞானஸ்நானம், இராப்போஜனம் உங்களுக்கு. மற்றதெல்லாம் எனக்கு. பிரசவம் பார்ப்பது, காய்ச்சலுக்குக் கசப்பு மாத்திரை கொடுப்பது, செத்தவளைக் குளிப்பாட்டுவது, பாட்டுச் சொல்லித்தருவது. போதாததற்கு ஞாயிற்றுக்கிழமை நீங்கள் சொன்ன பிரசங்கத்தைத் திங்கட்கிழமை சாமை குத்தும் பெண்களுக்கு அவர்கள் பேச்சில் நான் திரும்பச் சொல்லவேண்டும். "அங்கி ஒண்ணு, ஆளு ரெண்டு" என்று வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்வீர்கள். ஒரே அங்கிக்குள் இரண்டு பேர் இருந்தால் மூச்சு எப்படி விடுவது என்று ஒருநாள் கேட்டேன். நீங்கள் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். நான் சிரிக்கவில்லை, அதை நீங்கள் கவனிக்கவில்லை.

இந்த உலக்கை அந்தப் பெண்கள் கொடுத்தது. முதல் அறுப்பு முடிந்ததும் கருங்காலியில் செய்து, பூண் போட்டு, பாட்டுப் பாடிக்கொண்டு வந்து நம் வீட்டு மூலையில் நிறுத்தினார்கள். அந்த மலையில் ஒருத்தியின் உலக்கை எந்த வீட்டில் நிற்கிறதோ அதுதான் அவள் வீடு. வெறுங்கையோடு தாய்வீட்டுக்குப் போனால் திரும்பி வருவாள். உலக்கையோடு போனால் அந்தக் கல்யாணம் தீர்ந்தது. புருஷனுக்கு அவள் வேண்டுமென்றால் ஊர் பார்க்க அந்த உலக்கையைத் தன் தோளில் சுமந்து வரவேண்டும். அப்போது நாட்டாண்மை முன்னால் அவள் ஒன்று கேட்கலாம், அவன் கொடுத்தே ஆகவேண்டும். நீங்கள் இந்த வழக்கத்துக்கு எதிராகத்தான் எத்தனை பிரசங்கம் செய்தீர்கள். கோயிலில் கர்த்தர் முன்னால் கொடுத்த வாக்கை உலக்கையைத் தூக்கி முறிக்க முடியாது, அப்படி முறித்தவளுக்குச் சபையில் இடமில்லை என்றீர்கள்.

எஸ்தர் நம் கோயிலில் முதலில் கல்யாணம் செய்துகொண்டவள். அவள் புருஷன் குடித்துவிட்டு அடிப்பான். ஒரு திங்கட்கிழமை கன்னம் வீங்கி உரலடிக்கு வந்தாள். நான் உங்கள் பிரசங்கத்தைச் சொல்லி, பொறுத்தார் பூமியாள்வார் என்றும் சேர்த்துச் சொன்னேன். எந்தப் பூமியை ஆளப்போகிறாள், சொல்லுங்கள். அவள் குத்துவதை நிறுத்திவிட்டு மெதுவாகக் கேட்டாள். "எங்க வழக்கத்துல ஒரு கதவு இருந்திச்சி ஐயரம்மா. உங்க சாமி அத்த மூடிட்டாரா?"

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் கெட்டது. அவளுக்கு மூடிய கதவு எனக்கும் மூடியதுதானே. இரண்டு வருஷம் போய் நான்காவது மழையும் வந்துவிட்டது. மாற்றல் கேளுங்கள் என்று நான் சொல்லும்போதெல்லாம், இந்த அறுப்பு முடியட்டும், அந்த ஞானஸ்நானம் முடியட்டும் என்பீர்கள்.

நீங்கள் அடுத்த குக்கிராமத்துக்கு ஊழியத்துக்குப் போயிருந்த நாளில் கடுக்காய் வாங்க ஏறிவந்த வாணியம்பாடி பாய், கண்ணமங்கலத்தில் அம்மா படுத்த படுக்கை என்று சேதி கொண்டுவந்தார். இரண்டு புடவையை மூட்டை கட்டினேன். வாசல்வரை போய்த் திரும்பி வந்து உலக்கையை எடுத்துக்கொண்டேன். வழியெல்லாம் சேற்றில் பூணை ஊன்றி ஊன்றித்தான் இறங்கினேன். பார்த்த பெண்கள் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

அம்மா எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடிக்கத் தொடங்கியபோது நீங்கள் வந்தீர்கள், முழங்கால்வரை சேறு. நான் உலக்கையோடு போனதற்கு நாட்டாண்மை வீட்டுக்கே வந்து துக்கம் விசாரித்ததையும், ஐயருக்கு வேறு பெண் பார்க்கட்டுமா என்று மரியாதையாகக் கேட்டதையும் சொல்லிச் சிரித்தீர்கள். அப்புறம் சிரிப்பு நின்றது.

"வழுக்குதுன்னுதானே எடுத்துக்கினு வந்தே?"

"இல்லீங்க. போறதுக்குன்னேதான் எடுத்தேன்."

கை கழுவினீர்கள், அம்மா போட்ட சோற்றைத் தலை குனிந்து சாப்பிட்டீர்கள். பிறகு மூலையில் இருந்த உலக்கையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு என் முன்னால் வந்து நின்றீர்கள்.

"ஐயரா கூப்பிடல. அவங்க வழக்கப்படியே கூப்பிடறேன். மலைய வுட்டு எறங்கணும்னு நாட்டாண்மைகிட்ட கேளு. ஊழியம் வேணாம்னு எழுதிக் குடுத்துட்டு உன்கூட வந்துடறேன்."

சொன்னால் சொன்னதுதான், உங்களை எனக்குத் தெரியும். ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் விடுதலை. பஸ்ஸில் வரும்போது அந்த வாக்கியத்தைத்தான் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். அமிர்தியில் இறங்கியதிலிருந்து நீங்கள் உலக்கையைத் தோள் மாற்றவில்லை. நான் வாங்கிக்கொள்கிறேன் என்றதற்கும் கொடுக்கவில்லை.

ஊருக்குள் நுழைந்ததும் பிள்ளைகள் சிரித்தார்கள், ஆண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். வெள்ளை அங்கி போடும் ஐயர் பெண்டாட்டியின் உலக்கையைச் சுமந்து வருகிறார். பலாமரத்தடியில் ஊரே கூடியிருந்தது. நாட்டாண்மை என்னைப் பார்த்து, "வழக்கம் வழக்கந்தான் ஐயரம்மா. இன்னா வேணுமோ கேளுங்க. ஐயரு குடுத்துத்தான் ஆவணும்" என்றார்.

வாயைத் திறந்தேன். பெண்கள் வரிசையின் கடைசியில் எஸ்தர் நின்றிருந்தாள். இடது கையில் மூங்கில் பத்தை வைத்துக் கட்டியிருந்தது. நான் இல்லாத நாளில் முறிந்த கை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எஸ்தரு அவ உலக்கையை எடுத்துக்கினு போவணும்னா போவட்டும். ஐயரு அவள சபைய வுட்டுத் தள்ளக் கூடாது."

சொன்னது நான்தானா என்று எனக்கே சந்தேகம். உங்கள் முகம் வெளுத்தது. மலையை விட்டு இறங்குவதுகூட உங்களுக்குச் சுலபம், இது சுலபமில்லை. உலக்கையைத் தோளிலிருந்து இறக்கி ஊன்றி, "சரி" என்றீர்கள். அந்த வாரமே எஸ்தர் பிறந்த வீட்டுக்குப் போனாள். ஞாயிறுதோறும் கோயிலுக்கு வந்தாள், நீங்கள் அவளுக்கும் இராப்போஜனப் பாத்திரத்தை நீட்டினீர்கள். சபைப் பெரியவர்கள் வேலூருக்கு அழைத்து விசாரித்தபோது, நானும் என் மனைவியும் எடுத்த முடிவு என்று சொல்லிவிட்டு வந்தீர்கள். அதன்பின் அவர்கள் நமக்கு மாற்றல் என்ற பேச்சே எடுக்கவில்லை. நம்மோடு ஊழியத்துக்கு வந்தவர்களெல்லாம் ஆரணி, செங்கம் என்று ஊர் ஊராகப் போனார்கள். என் தலை நரைத்துத்தான் நாம் இறங்கினோம்.

நான் பெரிய தியாகி என்று யாரும் நினைக்கவேண்டாம். ஒவ்வொரு மழைக்கும் மூடுபனி ஜன்னலை அடைக்கும்போது என் வாயை நானே திட்டியிருக்கிறேன். உங்களையும் விட்டதில்லை. ஏன் உடனே சரி என்றீர்கள், மறுத்திருந்தால் மலையிறங்க வேண்டுமென்று எனக்காகக் கேட்டிருப்பேனே என்று பிடிபிடியென்று பிடிப்பேன். "அன்னைக்கு நீ பிரசங்கம் பண்ணினே, நான் கேட்டுக்கினேன்" என்பீர்கள். அதற்குமேல் உங்களோடு எப்படிச் சண்டை போடுவது?

இப்போது கண்ணமங்கலத்தில் அம்மா வீட்டில்தான் இருக்கிறேன். வாசலில் பஸ் நிற்கிறது, நினைத்த இடத்துக்குப் போகலாம். உலக்கை கதவு மூலையில் நிற்கிறது. இன்றே எடுத்துக்கொண்டு கிளம்பினாலும் தடுக்க யாருமில்லை. தோளில் போட்டுத் திரும்பக் கொண்டுவர நீங்கள்தான் இல்லை.