தட்டில் வந்த துணை

காஞ்சிபுரம்
12-1-2002

அன்பு அகிலாவுக்கு அம்மா எழுதுவது. அப்பாவும் நானும் சுகமாக இருக்கிறோம், அப்பாவின் முழங்கால் மட்டும் தறிக்குழியில் இறங்க முரண்டு பிடிக்கிறது. டெல்லிக் குளிரில் காதை மூடிக்கொண்டுதான் வேலைக்குப் போகிறாய் என்று நம்புகிறேன்.

உன் தூதரகத்து மனித உரிமை அதிகாரி அம்மாள் போன வாரம் முசரவாக்கம் வந்துபோனதைப் பற்றி அங்கே பெருமையாகப் பேசிக்கொண்டிருப்பார்கள். தொழிற்சாலைக்கு நிலம் தரமாட்டோம் என்று ஊரைத் திரட்டி வைத்திருக்கும் தையல்நாயகிக்குத் துணை நிற்கத்தானே வந்தார்கள்? அவள்மேல் ஏன் பொய் வழக்கு என்று தாசில்தாரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அது தலையிடுவதாகிவிடுமாம். காந்தி ரோட்டில் பட்டு எடுக்க மட்டும் அரை நாள் கிடைத்தது. நம் ஊர் வழக்கப்படி மரியாதை செய்யுங்கள் என்று கூட வந்த வழிகாட்டி சொன்னானாம். ஊரே கூடியிருந்த இடத்தில் வெற்றிலை பாக்கு பழத்தோடு அந்தப் பட்டுப்புடவையைத் தட்டில் வைத்து நீட்டினார்கள். விருந்தாளியை எப்படி மறுப்பது என்று தையல்நாயகியும் வாங்கிக்கொண்டாள். கைதட்டினார்கள், படம் எடுத்தார்கள், காரில் ஏறிவிட்டார்கள்.

கல்யாணமோ காணியோ, நாலு பேர் நடுவில் தட்டு வாங்கினால் பேச்சு முடிந்தது என்றுதானே இங்கே அர்த்தம்? தொழிற்சாலைக்காரனும் அந்த அம்மாளின் நாட்டுக்காரன்தான், ஊருக்கு எல்லா வெள்ளைக்காரரும் ஒன்றுதான். அன்று சாயங்காலமே பக்கத்து நிலத்து இந்திராணி தையல்நாயகியின் வாசலில் வந்து நின்று, "எங்க நிலத்துக்கும் சேத்துத்தான் பட்டு வாங்கிக்கினியாம்மா? கலரு நல்லாத்தான் இருக்குது" என்றாளாம். மறுநாள் சிலர் நிலத்தைத் தருகிறோம் என்று கையெழுத்துப் போடக் கிளம்பிவிட்டார்கள். தையல்நாயகி என்னிடம் வந்து, "போலீசு அடிச்சப்போகூட ஊரு என் பக்கம் நின்னுச்சுக்கா, இப்ப நான் குழாயடிக்குப் போனா பேச்ச நிறுத்திக்கிறாங்க" என்று அழுதாள்.

நான் உன் தூதரகத்துக்குப் போன் செய்தேன், நீ லீவில் இருந்தாய். எடுத்தவர், ஆழ்ந்த கவலை தெரிவித்து அறிக்கை விட்டிருக்கிறோம் என்றார். எவ்வளவு ஆழம் என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது, எனக்குத்தான் தைரியம் வராதே, போனை வைத்துவிட்டேன்.

வரும் வெள்ளிக்கிழமை முசரவாக்கத்தில் நில விஷயமாகக் கோட்டாட்சியர் விசாரணை. அந்த அம்மாளை வரச் சொல். கையில் ஒன்றும் கொண்டுவர வேண்டாம். தட்டு கொடுத்தது தூதரகம், தொழிற்சாலை இல்லை என்று மைக்கில் சொன்னால் போதும். நீதானே அவர்களுக்கு மொழிபெயர்க்கிறாய், நான் எழுதியதை பூசி மெழுகாமல் அப்படியே சொல்லு. அவர்கள் வராவிட்டால் நான் எழுந்து சொல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். நம் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள் நான்தான், ஆனால் பத்துப் பேர் பார்த்தால் எனக்கு வாய் உலர்ந்துவிடும் என்பது உனக்குத் தெரியும். தையல்நாயகிக்கும் தெரியும். "பேச்சு வரலன்னா பரவால்லக்கா, என் தோள்மேல கைய போட்டுக்கினு நில்லு, அது போதும்" என்றாள். வெள்ளிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் போகிறேன்.

வெந்நீரிலேயே குளி, வேளைக்குச் சாப்பிடு. காமாட்சி உன்னைக் காக்கட்டும்.

உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா