கெப்ராச்சோ மரத்தில் ஒரு சிவப்பு நூல்

அன்புள்ள எர்மிந்தா,

நீ புவெனஸ் ஐரிஸுக்கு வேலைக்குப் போனபின் நான் எழுதும் ஐந்தாவது கடிதம் இது. மற்ற நான்கையும் தபால்காரன் எங்கே போட்டானோ.

வேலிக்கம்பத்துக்காகக் கெப்ராச்சோ மரத்தில் கோடரி வைத்தேன். அதன் நஞ்சு பட்டு முகமெல்லாம் தடித்து வீங்கிவிட்டது. நம் வழக்கப்படி, வீக்கம் வற்ற அந்த மரத்தையே எனக்குக் கல்யாணம் செய்துவைக்க வைத்தியக்காரி ருபெர்த்தா அக்கா சிவப்பு நூலோடு வந்தாள்.

"பொண்டாட்டி இருக்கறவன மரம் ஏத்துக்காதுடா. வீக்கமும் வத்தாது. சும்மா கட்டிப் பாப்போம்."

"வத்தாட்டியும் பரவாயில்லக்கா."

மறுநாளே வற்றிவிட்டது. அக்கா என் முகத்தைப் பார்த்தாள். தேநீர் ஊற்றிக் கொடுத்தாள்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மரத்திடம் யார் என்ன சொன்னார்கள்? நூலை அவிழ்த்துவிட்டேன். தினமும் கண்ணாடி பார்க்கிறேன். வீக்கம் திரும்ப வரவில்லை.

இப்படிக்கு,
உன் கணவன் என்றுதான் எழுதுகிறேன்